நினைவு தவறிய பிள்ளையும் பரீட்சை மண்டபமும்

சென்ற திங்கள் இப்பகுதியில், விடுமுறைக்கு ஊர் செல்ல எண்ணும் குடும்பத்தார் 60 நாளுக்கு முன்பே பயணச்சீட்டைப் பதிவு செய்துகொள்ளுதல் நலம் என்று எழுதியிருந்தோம். அதைப் படித்த சங்கத்து அன்பர் ஒருவர் ஞாயிறு மாலை எம் வீட்டிற்கு வந்தார். டிக்கெட்டு விஷயமாகத்தான் வருகிறார் என்று எண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டோம். அவர் கேட்டதோ வேறு. “உங்கள் அக்காள் மகனுக்கு அடிபட்ட பிறகு படிப்பெல்லாம் எப்படி நடக்கிறது, ஐயா? எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் அதே மாதிரி ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் பையன் சோம்பேறியாகிவிட்டான் என்கிறார்கள். தாயார் அழுதுகொண்டிருக்கிறார்” என்றார். ஒன்றரை மணி நேரம் பேசினோம். புறப்படும்போது, இதை நாலு குடும்பங்களுக்குப் பயன்படும்படி எழுதிவிடுங்களேன் என்று அவரே சொன்னார்.

எழுத எமக்குத் தகுதி உண்டா என்பது ஐயமே. நாம் மருத்துவர் அல்லோம்; ஆசிரியரும் அல்லோம். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ரயில்வேயில் நுழைந்து, சரக்கு அலுவலகத்தில் பேரேடு எழுதிப் பிழைக்கும் குமாஸ்தா. ஆயினும் எழுத வேண்டிய கடன் ஒன்று உண்டு. 2023 ஜூலையில் ஒரு மழை நாளன்று, சங்கத்துத் தமிழ் வகுப்பு முடிந்தபின் அப்பிள்ளையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு இருசக்கர வண்டியை ஓட்டி வந்தவர் நாமே. எம் தலையில் கவசம் இருந்தது. அவன் தலையில் இல்லை. வீடு பக்கத்தில்தானே என்று எண்ணினோம். நான்கு வயதுக்கு மேற்பட்டவர் எவராயினும், பின்னால் அமர்பவரும்கூட, கவசம் அணிய வேண்டும் என்பது சட்டம். சட்டம் எமக்குத் தெரியாததன்று. சாலையிற் கிடந்த மணலில் சக்கரம் வழுக்கிற்று. எமக்கு முழங்கையில் நான்கு தையல். அவனுக்கு ஒன்பது நாள் நினைவில்லை. அதைப் பற்றி இதற்குமேல் எழுதுவதற்கில்லை.

பிள்ளை பிழைத்து வீடு வந்தான். கண்டவர்கள் எல்லாரும், ‘ஒன்றும் குறையில்லையே, முன்போலவே இருக்கிறானே’ என்று மகிழ்ந்தனர். நடக்கிறான், பேசுகிறான், கிரிக்கெட்டு ஆட்டக்காரர் பெயர்களை வரிசையாகச் சொல்கிறான், மாயவரத்தில் பாட்டனார் வீட்டுக் கிணற்றடியில் வழுக்கி விழுந்த கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறான், பதினாறாம் வாய்பாடு தவறாமல் வருகிறது. ஆனால் காலையில் தின்றது இட்டிலியா உப்புமாவா என்று மாலையில் கேட்டால் விழிக்கிறான். மருந்து விழுங்கிய கால் மணி நேரத்தில், ‘அம்மா, மாத்திரை போட்டேனா?’ என்று கேட்கிறான். இத்தகைய காயத்தின் கொடுமையே இதுதான். கை கால் முடங்கினால் உலகம் இரங்கும். முகம் தெளிவாக இருந்து நினைவு மட்டும் ஓட்டையாகிவிட்டால், உலகம் அதற்குச் சோம்பல் என்றும், கவனமின்மை என்றும், சில வேளை நடிப்பு என்றும் பெயரிட்டுவிடுகிறது.

பழையது நிற்கிறது, புதியது நிற்கவில்லையே, இது எவ்வாறு என்று நாம் மருத்துவரைக் கேட்டோம். அவர் பொறுமையாளர். அமெரிக்காவில் நடந்த ஒரு வரலாற்றைச் சொன்னார். பிறகு நாமும் அதைத் தேடிப் படித்தோம்.

1953ஆம் ஆண்டு, ஹார்ட்ஃபோர்டு நகரில், ஓயாத வலிப்பு நோயால் துன்புற்ற 27 வயது இளைஞர் ஒருவருக்கு ஸ்கோவில் என்னும் அறுவை மருத்துவர் மூளையில் அறுவை செய்தார். காதுக்கு மேலே, இருபுறத்திலும் மூளையின் உட்பக்கத்தில் அமைந்த ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியின் பெரும்பாகத்தையும் அதனைச் சூழ்ந்த சில பகுதிகளையும் எடுத்துவிட்டார். வலிப்பு குறைந்தது. ஆனால் அதன்பின் அம்மனிதர் மனத்தில் புதிய செய்தி எதுவும் தங்கவில்லை. சற்றுமுன் பேசியவரை மறுபடி கண்டால் புதியவராகவே எண்ணுவார். 2008இல் இறக்கும்வரை ஆராய்ச்சி நூல்களில் எச். எம். என்ற இரண்டெழுத்தாலேயே அறியப்பட்டார். ஹென்றி மொலைசன் என்ற பெயர் இறந்தபிறகே வெளிவந்தது. பிரெண்டா மில்னர் என்னும் உளவியல் அறிஞர் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். கண்ணாடியில் தெரியும் நிழலை மட்டும் பார்த்துக்கொண்டு, தாளில் உள்ள நட்சத்திர வடிவின் இரு கோடுகளுக்கிடையே பென்சிலை ஓட்ட வேண்டும். முதல் நாள் கோடு தாறுமாறாகப் போயிற்று. நாளடைவில் கை திருந்திற்று. ஆனால், இதற்கு முன் இவ்வேலையைச் செய்ததுண்டா என்று கேட்டால், இல்லை என்றே அவர் விடை கூறினார்! மனம் அறியாததைக் கை அறிந்திருந்தது.

நினைவு என்பது ஒரே பெட்டியன்று என்பதை இதனால் அறிந்தோம். பாட்டு, நீச்சல், சைக்கிள், எழுத்து முதலிய பழக்கங்கள் ஒருபுறம். நேற்று நடந்ததும் இன்று படித்ததும் வேறொருபுறம். ஒன்று கெட்டாலும் மற்றொன்று நிற்கக்கூடும். எம் பிள்ளைக்கு எச். எம். போல முழுதும் போய்விடவில்லை; பாதியளவு ஓட்டை என்று வைத்துக்கொள்ளலாம். ஆயினும் பரீட்சை என்பது அந்தப் பாதியையே கேட்கும் ஏற்பாடாக இருக்கிறதன்றோ! புரிந்ததா என்று கேட்பது குறைவு. நினைவிருக்கிறதா என்று கேட்பது மிகுதி.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அவ்வாண்டு டிசம்பரில் ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுப் பரீட்சை. அறிவியல் தாளில், ‘இனெர்ஷியா என்றால் என்ன?’ என்று இரண்டு மதிப்பெண் கேள்வி. பிள்ளை அதை எழுதாமல் விட்டுவிட்டான். இரவு நாம் அவனிடம், “ஓடுகிற ரயில் திடீரென்று பிரேக் பிடித்தால் உள்ளே நிற்கிறவன் என்ன ஆவான்?” என்று கேட்டோம். “முன்னாலே சாய்வான், மாமா. வண்டி நின்னுட்டாலும் அவன் உடம்பு இன்னும் ஓடிக்கிட்டுத்தானே இருக்கு! அதை நிறுத்த ஒரு பலம் வேணும்” என்றான். இதைவிடத் தெளிவாக அப்பாடத்தை நாம் எவரிடமும் கேட்டதில்லை. பொருள் அவனிடம் இருந்தது. அதற்குரிய ஆங்கிலப் பெயர் மட்டும் கைநழுவிப் போயிருந்தது. பூட்டும் பெட்டியும் இருந்தன. சாவி மட்டும் வேறிடத்தில் கிடந்தது. கேள்வியில் ரயிலைப் பற்றி ஒரு சொல் சேர்ந்திருந்தால் சாவி கிடைத்திருக்கும்.

நாமும் அத்தானும் பள்ளிக்குச் சென்று, கேட்கும் முறையைச் சற்று மாற்றிக் கேட்கலாகாதா, நேரம் சற்றுக் கூட்டித் தரலாகாதா என்று வேண்டினோம். அலுவலகத்தில் இருந்தவர், “எழுதக் கை இருக்கிறது, பார்க்கக் கண் இருக்கிறது, சலுகை எதற்கு? மறதி எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ளதுதானே” என்று இந்தியில் சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொன்னதாக நாம் நினைக்கவில்லை. அவருக்குத் தெரிந்த குறைகளின் பட்டியலில் இது இல்லை, அவ்வளவே. அதே பள்ளியில் கணித ஆசிரியை ஒருவர் தாமாகவே முன்வந்து, வாய்மொழியாகப் பிள்ளையைச் சோதித்து, அவன் கணக்கறிவு குறையவில்லை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அந்த ஒற்றைத் தாள் பின்னர் எமக்குப் பெரிதும் பயன்பட்டது.

சலுகை என்ற சொல் எமக்கு உறுத்திற்று. மறுநாள் அலுவலகத்தில் அமர்ந்து அதையே எண்ணிக்கொண்டிருந்தோம். எம்முடைய ரயில்வேயில் எவருடைய நினைவையாவது நம்பி ஒரு வண்டி ஓடுகிறதா? ஒரு நிலையத்து மாஸ்டர் அடுத்த நிலையத்திற்கு, வண்டியை அனுப்பலாம் என்று வழி கொடுக்கும்போது வாய்ச்சொல்லோடு விடுவதில்லை. தனி எண் ஒன்றைச் சொல்ல, இருபுறத்தாரும் அதைப் பதிவேட்டில் எழுதிக்கொள்கின்றனர். வழியில் மெதுவாகச் செல்ல வேண்டிய இடம் இருந்தால் ஓட்டுநரிடம் எச்சரிக்கைத் தாள் எழுதிக் கொடுத்துக் கையொப்பம் வாங்குகின்றனர். தண்டவாளத்தில் வண்டி நிற்கும்போது மறந்துபோய்க் கைகாட்டியை இறக்கிவிடாதபடி, நெம்புகோலின் கைப்பிடியில் ஒரு வளையத்தை மாட்டி வைப்பது பழைய வழக்கம். பொத்தான் பலகை வந்த நிலையங்களில் பொத்தான்மேல் ஒரு மூடியைக் கவிழ்த்து வைக்கின்றனர். முப்பது ஆண்டு அனுபவமுள்ள மாஸ்டரும் அவ்வளையத்தை மாட்டுவார். அதனால் அவரை எவரும் அறிவு குறைந்தவர் என்று சொல்வதில்லை. நல்ல மூளை உடையவர்க்கே ஒரு வளையம் வேண்டியிருக்க, அடிபட்ட பிள்ளைக்கு ஒரு வளையம் கேட்டால் மட்டும் சலுகையா?

ஆகவே வீட்டில் வளையங்கள் செய்தோம். சுவரில் பெரிய நாட்காட்டி. முடிந்த நாளை அவனே அடிப்பான். சட்டைப்பையில் சிறு குறிப்பேடு. மாத்திரை டப்பாவுக்கு ஏழு அறை. இவையெல்லாம் எளியவை. கடினமாக இருந்தது பாடம் சொல்லிக் கொடுக்கும் முறையை மாற்றிக்கொண்டதுதான். அதில் நாம் செய்த தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறோம்.

நம் வீடுகளில் பாடம் ஒப்பிக்கச் சொல்வது எவ்வாறு? பிள்ளை தயங்கினால், ‘யோசி, யோசித்துப் பார், நேற்றுச் சொன்னோமே’ என்போம். அவன் ஏதோ ஒன்றை ஊகித்துச் சொல்வான். தவறு என்போம், மறுபடி ஊகிப்பான். எமக்கு எம் தகப்பனார் இவ்வாறே கற்பித்தார். இடையிடையே தலையில் குட்டும் விழும். பிரெஞ்சுப் புரட்சி தொடங்கிய ஆண்டு எது என்று பிள்ளையைக் கேட்டோம். 1798 என்றான். தவறு, 1789 என்றோம். மறுநாள் கேட்டோம், 1798 என்றான். பத்து நாள் கேட்டோம். பத்து நாளும் 1798! எமக்குக் கோபம் வந்துவிட்டது. அவன் முகம் வாடிப் போயிற்று.

பின்னர் ஒரு மருத்துவமனையின் உளவியல் நிபுணர் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு விளக்கினார். தான் சொன்னது தவறு என்று திருத்தப்பட்ட நிகழ்ச்சி அவனுக்கு மறந்துபோகிறது. ஆனால் வாய் ஒருமுறை சொன்ன 1798 என்பது, கண்ணாடி பார்த்துக் கோடிழுத்த கையைப்போல, பழக்கமாக ஒட்டிக்கொள்கிறது. நாம் கேட்கக் கேட்கத் தவற்றையே மனப்பாடம் செய்வித்துக்கொண்டிருந்தோம்! ஆலன் பேட்லி, பார்பரா வில்சன் என்னும் இரண்டு ஆங்கில ஆராய்ச்சியாளர் 1994இலேயே இதைச் சோதித்து எழுதியிருக்கின்றனர்: நினைவு கெட்டவர்கள், ஊகிக்க விடாமல் சரியானதையே முதலிற் காட்டிக் கற்பித்தால் நன்கு கற்கின்றனர் என்று.

அன்று முதல் ஊகிக்கச் சொல்வதை நிறுத்தினோம். சரியான விடையை அட்டையில் எழுதி முன்னே வைத்து, அவனைப் பார்த்துப் படிக்கச் செய்து, பார்த்து எழுதச் செய்து, ஒரு நிமிடம் கழித்துக் கேட்போம். சரியாக வந்தால் மூன்று நிமிடம் கழித்து, பிறகு பத்து நிமிடம், பிறகு உணவுக்குப்பின், பிறகு மறுநாள் காலை. தயங்கினால் காத்திராமல் உடனே அட்டையைக் காட்டிவிடுவோம், இடைவெளியைக் குறைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு ஐந்து அட்டைக்கு மேல் இல்லை. 1789 மூன்று வாரத்தில் நின்றது. மூன்று வாரமா என்று கேட்பவர் உண்டு. ஆம், மூன்று வாரம். மேலும் ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் உட்கார வைப்பதையும் விட்டோம். அடிபட்ட மூளை விரைவில் களைக்கிறது; களைத்தபின் ஊற்றுவதெல்லாம் வழிந்துபோகிறது. இருபத்தைந்து நிமிடம் படிப்பு, பத்து நிமிடம் படுக்கை அல்லது முற்றத்தில் உலாவல் என்பது அவனுக்கு ஒத்துவந்தது. வேறு பிள்ளைக்கு வேறு கணக்கு இருக்கக்கூடும்.

இனிப் பரீட்சைக்கு வருவோம். பலரும் அறிந்த உதவி ஒன்றே ஒன்று, பிறர் கையால் எழுதுவித்தல். இத்தகைய பிள்ளை என்றவுடன் அதையே வாங்கிக் கொடுக்க ஓடுகின்றனர். கையும் கெட்டிருந்தால் அது சரி. கை நன்றாயிருந்து நினைவு மட்டும் தளர்ந்த பிள்ளைக்கு அது இடையூறு என்பது எம் அனுபவம். வாக்கியத்தை மனத்தில் பிடித்து வைத்துக்கொண்டு, மற்றொருவர் எழுதி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் பின்பாதி பறந்துவிடும். தன் கையால் எழுதும்போது தான் எழுதியதே அவனுக்கு அடுத்த சொல்லை எடுத்துக் கொடுக்கிறது. அவனுக்கு வேண்டியவை வேறு: கூடுதல் நேரம், இடையில் சற்று ஓய்வு, கூச்சல் இல்லாத இடம், நீண்ட கேள்வியை ஒருவர் மறுபடி வாசித்துக் காட்டுதல், ஒரே நாளில் இரண்டு பரீட்சை வாராமை.

இவற்றைக் கேட்க உரிமை உண்டா? உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் 17ஆம் பிரிவு, அத்தகைய மாணவரின் தேவைக்கேற்பப் பாடத்திட்டத்திலும் பரீட்சை முறையிலும் மாற்றம் செய்வது அரசின் கடமை என்கிறது. கூடுதல் நேரம், எழுதுபவர் உதவி, இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவற்றை எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. 2018இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு முறையில் மணிக்கு 20 நிமிடத்திற்குக் குறையாமல் கூடுதல் நேரம் என்று இருக்கிறது. மூன்று மணிப் பரீட்சைக்கு ஒரு மணி நேரம் ஆகிறது.

இங்கே ஒரு முட்டுக்கட்டை உண்டு, மறைப்பதில் பயனில்லை. அச்சட்டத்தின் பட்டியலில் 21 வகைக் குறைகள் பெயர் சொல்லப்பட்டிருக்கின்றன. தலைக்காயத்தால் வந்த மறதி என்று அதில் ஒரு பெயர் இல்லை. காயத்தால் பேச்சுக் கெட்டிருந்தால் அதற்குப் பெயர் உண்டு. கை கால் விளங்காவிட்டால் உண்டு. நினைவு மட்டும் கெட்டவன் இரண்டு சன்னல்களுக்கும் நடுவே நிற்கிறான். எம்மை ஒரு சன்னலிலிருந்து மற்றொரு சன்னலுக்கு அனுப்பியதைக் கணக்கிட்டால் ஒரு சுற்றுப் பயணமாகும்! ஆனால் 2021 பிப்ரவரி 11ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. எழுத்தில் கைபிடிப்பு நோயுடைய ஒரு மருத்துவப் பட்டதாரி, மத்தியத் தேர்வாணையத்தின் ஆட்சிப்பணித் தேர்வுக்கு எழுதுபவர் உதவி கேட்டு மறுக்கப்பட்ட வழக்கு அது. குறை 40 விழுக்காடு இருந்தால்தான் உதவி என்று தள்ளிவிட முடியாது. ஒருவருக்கு எது தடையோ அதை நீக்கத் தக்க ஏற்பாடு செய்வதே சட்டத்தின் உயிர் என்பது நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வின் முடிவு. அவ்வழக்கு கையைப் பற்றியது, நினைவைப் பற்றியதன்று என்பது மெய். ஆயினும் விண்ணப்பத்தில் அதைக் குறிப்பிட்டோம். குறிப்பிட்டபின் பேசுகிற தொனி மாறியதைக் கண்டோம்.

விண்ணப்பத்தில் வெறுமே ‘மறதி உண்டு’ என்று எழுதிப் பயனில்லை. எந்த மாதம் காயம்பட்டது, எந்தச் சோதனையில் என்ன கண்டார்கள், அதனால் பரீட்சையில் எது இயலவில்லை, எந்த உதவியால் இயலுகிறது என்று மருத்துவரைக் கொண்டு எழுதி வாங்க வேண்டும். கணித ஆசிரியை கொடுத்த தாளை இங்கேதான் இணைத்தோம். இன்னொன்று: அவ்வுதவியைப் பிள்ளை ஆண்டு முழுதும் பள்ளிப் பரீட்சைகளில் பயன்படுத்திப் பழகியிருக்க வேண்டும். கடைசி நாளில் கிடைக்கும் கூடுதல் ஒரு மணி நேரத்தை என்ன செய்வது என்றே அவனுக்குத் தெரியாமற் போகும். புதிய வழக்கம் எதுவாயினும் அவனுக்கு மாதக் கணக்கில் ஆகும் என்பதை மறத்தலாகாது.

2024 மார்ச்சில் அவன் ஒன்பதாம் வகுப்பில் தேறவில்லை. ஐந்து பாடத்தையும் ஒரே மாதத்தில் எழுதும் முறை அவனுக்கு ஆகாது என்று எமக்குத் தெளிவாயிற்று. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் சேர்க்கலாமா என்று பேச்செழுந்தபோது அத்தான் ஒப்பவில்லை. “ஊரில் என்ன சொல்வார்கள்? பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டான் என்பார்களே” என்றார். எம் தமக்கை அன்றிரவு முழுதும் பேசவில்லை. அவருக்கு எம்மீது வருத்தம் இருக்கும், இருக்கத்தான் வேண்டும். காலையில் காப்பியைக் கொண்டுவந்து வைத்து, “தம்பி, அந்தப் பாரம் எங்கே கிடைக்கும் என்று பார்” என்றார்.

1989இல் மத்திய அரசு தொடங்கிய இந்நிறுவனத்தின் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் மற்ற வாரியங்களின் சான்றிதழோடு சமமானது. ஐந்து ஆண்டு காலத்தில் ஒன்பது வாய்ப்புகள் உண்டு. தேறிய பாடம் தேறியபடியே கணக்கில் நிற்கும். ஏப்ரலிலும் அக்டோபரிலும் பரீட்சை. வீட்டிலிருந்து எழுதி அனுப்பும் பயிற்சித் தாளுக்கும் நூற்றுக்கு இருபது மதிப்பெண் உண்டு. தமிழும் ஒரு மொழிப்பாடமாக இருக்கிறது. இதைப் படிக்காதவர்க்கான கடைசிப் புகலிடம் என்று எண்ணும் நம்மவர் பலர். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். நினைவு தளர்ந்த பிள்ளைக்கு ஒரு வேளைக்கு இரண்டு பாடம் என்பது எத்தகைய வரம் என்பதைப் பட்டறிந்தோம்.

தமிழைப் பற்றி ஒரு சொல். பிள்ளைக்கு அடிபட்டபின், ‘இனி வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், பல மொழி குழப்பும்’ என்று அறிவுரை கூறியவர் பலர். முதல் சோதனையை இந்தியில் செய்தனர். மிகவும் பின்தங்கியவன் என்று முடிவு வந்தது. வீட்டுமொழி தமிழ் என்பதை எவரும் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. ரயிலில் நிற்பவன் ஏன் சாய்கிறான் என்று அவன் விளக்கியது எம்மொழியில்? பள்ளியில் மூன்றாம் மொழியிலிருந்து விலக்குப் பெறுவது வேறு. வீட்டில் தாய் பேசும் மொழியை நிறுத்துவது வேறு. முன்னது சுமையைக் குறைக்கும். பின்னது பிள்ளையிடம் மிஞ்சியிருக்கும் சாவிக்கொத்தையும் பிடுங்குவதாகும். புலம்பெயர்ந்து வாழும் நம் குடும்பங்கள் சோதனைக்குச் செல்லும்போது முதலிலேயே வீட்டுமொழியைச் சொல்லிவிட வேண்டும்.

2025 ஏப்ரலில் தமிழும் ஓவியமும் எழுதினான். ஒரு வாரம் முன்னதாகவே மண்டபத்திற்கு இரண்டு முறை அழைத்துச் சென்று, வாயில், படிக்கட்டு, கழிப்பறை எல்லாம் காட்டி வந்தோம். தனி அறை கேட்டோம், கிடைக்கவில்லை. கூடுதல் நேரம் கிடைத்தது. மேற்பார்வையாளர் நல்லவர், சுவரோரம் முன்வரிசையில் உட்கார வைத்தார். தாள் கைக்கு வந்தவுடன், மனத்தில் நிற்பனவற்றையெல்லாம் விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் கொட்டிவிட்டுப் பிறகே கேள்விகளைப் படிக்க வேண்டும் என்பது நாங்கள் ஐந்து மாதம் பழகிய முறை. வினாவில் உள்ள கட்டளைச் சொல்லின்கீழ் கோடு. எழுதி முடித்த கேள்வியின்மேல் குறுக்குக் கோடு. இல்லாவிடில் ஒரே கேள்விக்கு இருமுறை விடை எழுதுவான். மாதிரிப் பரீட்சையில் அவ்வாறும் எழுதியிருக்கிறான்.

வெளியே வந்தவனிடம் தாள் எப்படி என்று கேட்டோம். “எழுதினேன் மாமா. என்ன எழுதினேன்னு கேட்காதீங்க” என்றான். இரண்டிலும் தேறினான். அக்டோபரில் ஆங்கிலத்தில் தேறினான். அறிவியலில் நான்கு மதிப்பெண் குறைந்தது. கணிதமும் அறிவியலும் 2026 ஏப்ரலுக்கு. இங்கிலாந்தில் 2022 முதல் கணிதம், இயற்பியல் பரீட்சை எழுதும் பதினாறு வயதுப் பிள்ளைகள் எல்லாருக்கும் சூத்திரத் தாளை மேசையிலேயே வைத்துவிடுகின்றனர். நல்ல நினைவுள்ள பிள்ளைகளுக்கும்தான். நம் வாரியங்களும் அவ்வாறு வைத்துவிட்டால் எம் பிள்ளைக்கு விண்ணப்பமே வேண்டியதில்லை. அதுவரை அட்டைகளோடுதான் காலம் கழிய வேண்டும். இப்பொழுது 46 அட்டைகள் இருக்கின்றன. இனெர்ஷியா அட்டையின் பின்புறத்தில் அவனே ஒரு ரயில் பெட்டியும், உள்ளே சாய்ந்து நிற்கும் ஒரு மனிதனும் வரைந்திருக்கிறான். அம்மனிதனுக்கு எம்முடைய மீசை.

பக்கத்து வீட்டுப் பிள்ளைக்காகக் கேட்ட அன்பர்க்கும், கேட்கத் தயங்கும் மற்றையோர்க்கும்: எம்மிடமுள்ள கோப்பில் மருத்துவச் சான்றின் மாதிரி, விண்ணப்பங்களின் நகல், 17ஆம் பிரிவின் படி, தீர்ப்பின் படி, மறுத்து வந்த இரண்டு கடிதங்கள் ஆகியவை இருக்கின்றன. ஞாயிறுதோறும் காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை சங்க நூல்நிலையத்தில் இருப்போம். எவரேனும் பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்று அஞ்சுபவர் வீட்டிற்கே வரலாம். பிள்ளையையும் அழைத்து வருக; அவனோடு கேரம் ஆட எம் பிள்ளை இருப்பான். முன்பு ஒருமுறை ஆடியதை இருவரும் மறந்திருந்தாலும் ஆட்டத்திற்கு அதனால் குறைவில்லை.